ஒய்பி அங்கே என்ன பேசினார்?

வடக்குச் சிலாங்கூர்த் தோட்டப்புறத்தை நாடு திரும்பிப் பார்க்க வேண்டுமானால் அங்கே ஓர் இடைத்தேர்தல் வர வேண்டும். 2007 ஏப்ரலில் ஈஜோக், 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர், 2024 மே மாதத்தில் கோலா குபு பாரு என்று பதினேழு ஆண்டுகளில் மூன்று முறை அப்படிப் பார்த்தது. மூன்று முறையும் பெரிய தலைவர்களின் கார்கள் செம்பனைக் காட்டுக்குள் புகுந்து புறப்பட்டன. சாலைக்குத் தார் வந்தது, விளக்குக் கம்பத்துக்கு வெளிச்சம் வந்தது. 2010-இல் தேசிய முன்னணி வேட்பாளர் ஜெயித்தால் ராசா சீனப்பள்ளிக்கு 30 லட்சம் ரிங்கிட் தருவதாக அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் பிரசார மேடையிலேயே சொன்னார்.

ஈஜோக் கதை இன்னும் சுவையானது. மஇகாவின் கே. சிவலிங்கம் காலமானதால் காலியான சட்டமன்றத் தொகுதி அது. அதே கட்சியின் கே. பார்த்திபன், பிகேஆரின் காலிட் இப்ராகிமை 1,850 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பதினோரு மாதம் முடிவதற்குள் பொதுத்தேர்தல் வந்துவிட்டது. 2008 மார்ச்சில் அதே காலிட் அதே ஈஜோக்கில் வென்று சிலாங்கூர் மந்திரி பெசாராகவும் ஆனார். போட்ட தாரும் கொடுத்த மானியமும் ஒரு வருடம்கூட வாக்குகளைக் கட்டி வைக்கவில்லை.

இருந்தும் தோட்டப்புறத்தில் அரசியல்வாதியை அளக்கும் படி இன்னும் அதேதான். ‘ஒய்பி நமக்கு என்ன செய்தார்?’ கோயில் மண்டபம், பள்ளிக்கூடத்து வேலி, தீபாவளி அன்பளிப்புப் பை, காசோலை நீட்டும் படம். லயத்துக்காரர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரும் ஒய்பிதான், நாடாளுமன்ற உறுப்பினரும் ஒய்பிதான். நிலமும் ஊராட்சி மன்றமும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. தொழிலாளர் சட்டம், குடியுரிமை, கல்வி, சுகாதாரம் எல்லாம் கூட்டரசின் கையில். வடிகால் அடைத்துக்கொண்டதற்கு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடிப் போகிறவர்கள், சிவப்பு அடையாள அட்டை விவகாரத்தை ஊராட்சி உறுப்பினரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: ஒய்பி அங்கே போய் என்ன பேசினார்?

‘பேச்சு எதற்கு, செயல்தானே வேண்டும்’ என்று உடனே மறுப்பு வரும். ஆனால் நாடாளுமன்றம் பிறந்ததே பேசுவதற்காகத்தான். பார்லிமெண்ட் என்ற சொல்லைக் கிளறினால் ஆட்சியோ அதிகாரமோ அகப்படாது. பழைய பிரெஞ்சு மொழியில் ‘பார்லே’ என்றால் பேசுதல். அதிலிருந்து வந்த ‘பார்ல்மாங்’ என்பதற்குப் பேச்சு, கலந்துரையாடல் என்று பொருள். ‘பார்லே’க்கும் மூலம் உண்டு. உவமையைக் குறிக்கும் ‘பராபொலே’ என்ற கிரேக்கச் சொல் லத்தீனுக்குள் நுழைந்து, கதை சொல்லுதல், பேசுதல் என்று தேய்ந்து பிரெஞ்சுக்கு வந்தது. ஏசு சொன்ன உவமைக் கதைகளை ஆங்கிலத்தில் ‘பேரபிள்’ என்கிறார்களே, அதுவும் பார்லிமெண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

இங்கிலாந்தின் அதிகாரபூர்வப் பதிவில் இந்தச் சொல் முதலில் தலைகாட்டுவது 1236-இல். அப்போது அது ஒரு கட்டடத்தின் பெயராகவோ நிறுவனத்தின் பெயராகவோ இருக்கவில்லை. அரசன் பிரபுக்களையும் ஆயர்களையும் கூட்டிவைத்துப் பேசுகிற நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர். 1258-இல் ஆக்ஸ்ஃபர்டில் கூடிய பிரபுக்கள், ஆண்டுக்கு மூன்று முறை இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும் என்று மூன்றாம் ஹென்றியிடம் எழுதி வாங்கினார்கள். 1265-இல் சைமன் டி மான்ட்ஃபோர்ட் நகரங்களிலிருந்தும் ஆட்களை அழைத்தார். பிறகு வந்த அரசர்கள் சாதாரண மக்களின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டது பாசத்தால் அல்ல. சண்டைக்குப் பணம் வேண்டியிருந்தது, வரியை யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். முதலில் எங்கள் குறையைக் கேளுங்கள், பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். பல தலைமுறைகளில் அது மரபாகவே நிலைத்துவிட்டது. குறையைச் சொல்லும் உரிமைதான் அந்த மன்றத்தின் கருவறை.

அதே சொல் பிரான்சில் வேறு வழியில் போனது. அங்கே ‘பார்ல்மாங்’ என்றால் உயர்நீதிமன்றம். பெரிய இடத்துப் பிள்ளைகள் விலைக்கு வாங்கக்கூடிய பதவிகள் அதில் நிரம்பின. புரட்சி வந்து அதைக் கலைத்துவிட்டது. மக்களின் குறை ஏறாத இடத்தில் பெயர் மட்டும் நின்று என்ன பயன்?

மலேசியத் தமிழர் மக்களவை என்று அழைக்கும் ‘டேவான் ராக்யாட்’ என்ற பெயரிலும் ஒரு சுவாரசியம் உண்டு. ‘டேவான்’ பாரசீகத்தின் ‘திவான்’. புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் அந்தப் பெயரில் அதிகாரிகள் இருந்தார்கள். ‘ராக்யாட்’ அரபு மூலச் சொல். சென்னை மாகாணத்தில் குடியானவரைக் குறித்த ‘ரயத்து’, ரயத்துவாரி முறையில் வரும் அதே ரயத்து. சேலத்திலும் திருச்சியிலும் வட ஆர்க்காட்டிலும் ரயத்தாகக்கூட இல்லாமல், ரயத்துகளின் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களில் பலர்தான் கங்காணிகளின் பின்னே கப்பலேறிச் சிலாங்கூருக்கு வந்தார்கள்.

தமிழர் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டுவது மேடை வழக்கம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தச் சபையில் உட்காரக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். தோட்டத் தொழிலாளியின் முப்பாட்டனுக்கு அந்தக் குடத்தில் ஓலை இருந்திருக்காது. சொந்த மனையில் வீடு என்ற அந்த ஒரு தகுதி, ஆயிரம் ஆண்டு கழித்து பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் கோரிக்கையாகவே நின்றதைப் பிறகு பார்ப்போம்.

சிலாங்கூரில் ஆட்சி மன்றம் என்று ஒன்று 1877-லேயே வந்துவிட்டது. 1909-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்குப் பொதுவான மன்றம் அமைந்தபோது தோட்ட முதலாளிகளுக்கு அதில் நாற்காலி கிடைத்தது. ரப்பர் விலை, ஆள் பஞ்சம், இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதற்கான செலவு எல்லாம் அங்கே பேசப்பட்டன. பேசப்பட்ட பொருளாகத் தமிழ்த் தொழிலாளி அந்த மன்றத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தான், பேசுகிறவனாக இல்லை. வழக்கறிஞர் எஸ். வீராசாமி முதல் இந்திய உறுப்பினராக நியமனம் பெற 1928 ஆனது.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் பேச்சு எந்தத் திசையில் ஓடியது என்பதற்குக் கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம் நல்ல சாட்சி. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல் அங்கேதான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கியவர். மலாயும் தமிழும் கற்றுக்கொண்ட துரை அவர். அவருடைய தோட்டம் இன்றும் தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ் தெரிந்த துரைகள் வேறு பல தோட்டங்களிலும் இருந்தார்கள். விடியலில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடவும், மரத்தைச் சரியாக வெட்டவில்லை என்று ஏசவும், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் அந்தத் தமிழ் பயன்பட்டது. பதில் பேசியவன் பெயர் அடுத்த நாள் பெரட்டில் இல்லாமல் போகலாம். கிராணியையோ துரையையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் நீட்டிய கோரிக்கைப் பட்டியலை இன்று படித்தாலும் உடல் சிலிர்க்கும். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறாதிருத்தல், துரை முன்னால் சைக்கிளில் போக அனுமதி. இவற்றோடு பேச்சுரிமை, கூடும் உரிமை, குறையைச் சொன்னவர்களைப் பழிவாங்காதிருத்தல். இங்கிலாந்தின் பிரபுக்கள் ஹென்றியிடம் கேட்டதும் அடிப்படையில் இதுதான். கிள்ளான் தொழிலாளர்களுக்குக் கிடைத்த பதில் வேறு. மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இந்தியப் படை வீரர்கள் இறக்கப்பட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள்.

ஏழு ஆண்டு கழித்து, 1948-இல் அமைந்த கூட்டரசு சட்டமன்றத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் முதன்மையான பி. பி. நாராயணன் அப்படி நியமனம் பெற்றவர். 1955 ஜூலையில் முதல் பொதுத்தேர்தல் வந்தது. 52 இடங்களில் 51-ஐ வென்ற கூட்டணியில் மஇகாவுக்கு இரண்டு இடம், வீ. தி. சம்பந்தன் அவர்களில் ஒருவர். வாக்காளர் பட்டியலில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள், இந்தியர் ஐந்து விழுக்காட்டைத் தொடவில்லை. தோட்டங்களில் பெரும்பாலோர் குடியுரிமையே இல்லாமல் தேர்தலை வேடிக்கை பார்த்தார்கள்.

சுதந்திரத்துக்கு முந்தைய அரசியலமைப்பு விவாதத்தில் இன்று பலர் மறந்துவிட்ட ஒரு பக்கம் இருக்கிறது. சட்டமன்றங்களில் மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத உறுப்பினர் சீன மொழியிலோ இந்திய மொழியிலோ பேச, பத்தாண்டு காலத்துக்கு வரம்புக்குட்பட்ட உரிமை தரலாம் என்று அரசியலமைப்பை வரைய அமைந்த ரீட் ஆணையம் பரிந்துரைத்தது. ஆணைய உறுப்பினரான பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது அதை ஏற்கவில்லை. 1957-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அந்த ஏற்பாடு இடம்பெறவும் இல்லை. பக்கத்துச் சிங்கப்பூரில் நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. இலங்கையிலும் தமிழில் பேசுகிறார்கள். இந்திய அரசியலமைப்பின் 120-ஆவது பிரிவு, இந்தியும் ஆங்கிலமும் வராதவர் அவைத்தலைவரின் அனுமதியோடு தாய்மொழியில் பேச வழி விடுகிறது. மலேசியாவில் மலாய்ப் பள்ளியில் படித்து வளர்ந்த இன்றைய இளைஞருக்கு மொழி தடையில்லை. 1959-இல் பால்மரத்தடியிலிருந்து நேராக மக்களவைக்குப் போகக்கூடிய ஒரு தலைவனுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டிருந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வழக்கறிஞரும் வணிகரும் படித்த சங்கத் தலைவரும் போனார்கள். பெரட்டுக் களத்தில் நின்றவர் போகவில்லை.

இலங்கை மலையகத்தில் நடந்தது தலைகீழ். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களில் ஒருவர். தேயிலைத் தோட்டத்தின் குரல் ஒரேயடியாகப் பாராளுமன்றத்தில் ஏழு நாற்காலியில் உட்கார்ந்ததைக் கொழும்பு தாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோட்டத்து வாக்கில் தொண்டமான் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேச்சை நிறுத்த வாயைக் கட்ட வேண்டியதில்லை, குடியுரிமையைப் பறித்தால் போதும் என்பதை அந்த மக்கள் வாழ்ந்து அறிந்தார்கள்.

மலாயாவில் அப்படி ஒரேயடியாக எதுவும் நடக்கவில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையையும் லயத்தையும் சேர்த்து இழந்தார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் அதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சம்பளத்திலிருந்தே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அமைச்சராக இருந்தவரே துண்டாடலைச் சட்டத்தால் தடுப்பதை விட்டு, பால்வெட்டுக்காரரின் சேமிப்பைக் கொண்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. அவருடைய சாதனை பெரிது; மன்றத்தில் தோட்டத்துக்கு இருந்த பலம் எவ்வளவு என்பதையும் அதே சாதனை காட்டிவிடுகிறது. அறுபதுகளின் இறுதியில் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது சுமார் 60,000 இந்தியர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

இனி பெஸ்தாரி ஜெயாவுக்கு வருவோம். பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் அந்த ஊரைச் சுற்றியுள்ள மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுப் போராடியது இருபது ஆண்டுகளுக்கு மேல். கோலாலம்பூரின் குப்பையைப் புதைக்கப் புக்கிட் தாகாரில் 2005 முதல் இடம் இருக்கிறது. தோட்டத்துக்கு உழைத்தவர்களுக்கு வீட்டுமனை மட்டும் அத்தனை எளிதில் அகப்படவில்லை. 2024-இல் கோலா குபு பாரு இடைத்தேர்தல் நெருங்கியபோது 245 குடும்பங்களின் இந்தப் பிரச்சினை திடீரென்று தேசியச் செய்தியானது. அரசு நிதி ஒதுக்குவதாகச் சொன்னது. நல்லதுதான். ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினர் காலமாகி, இடைத்தேர்தல் வந்து, பிரசாரம் சூடு பிடித்தால்தான் ஒரு வீட்டுப் பிரச்சினை நாட்டின் காதில் விழும் என்றால் இடைப்பட்ட ஆண்டுகளில் நாடாளுமன்றம் எதற்கு இருந்தது?

இதற்குத் தமிழ் உறுப்பினர் இல்லாததுதான் காரணம் என்பவர்கள் உலு சிலாங்கூரைப் பார்க்க வேண்டும். மஇகாவின் ஜி. பழனிவேல் அங்கே 1990 முதல் 2008 வரை உறுப்பினர். அதே கட்சியின் பி. கமலநாதன் 2010 முதல் 2018 வரை. இடையிலும் பின்னும் பிகேஆர், அதற்குப் பிறகு பெரிக்காத்தான். எல்லா நிறக் கொடியும் பறந்துவிட்டது. ஈஜோக்கில் 2008-க்குப் பிறகு தமிழ்ச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது. கோலா சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அகமது 2022-இல் வென்றது ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில்தான். அங்கே தமிழ் வாக்கு எத்தனை கனமானது என்று எந்தக் கட்சிக்கும் தெரியும். உறுப்பினரின் இனத்தைக் காட்டிலும், வாக்காளர் அவரிடம் எதைக் கணக்குக் கேட்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மண்டபத்தைக் கேட்டால் மண்டபம் வரும். மக்களவையில் எழுப்பிய கேள்வியைக் கேட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்குள் ஒரு கேள்வியையாவது எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

பேச்சால் என்ன ஆகும் என்று மறுபடியும் கேட்பவர்களுக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் ஒரு பதில். தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் அது. லயத்தில் தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் எல்லாம் முதலாளியின் நல்ல மனசைப் பொறுத்த சலுகையாக இல்லாமல் கடமையாக மாறியது இத்தகைய சட்டங்களால்தான். 2019-இல் அது திருத்தப்பட்டு மற்றத் துறைத் தொழிலாளரையும் தழுவிக்கொண்டது. அந்தச் சட்டத்தில் ஓட்டையும் உண்டு. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனாலோ தோட்டம் விற்கப்பட்டாலோ முப்பது வருடம் குடியிருந்த குடும்பத்துக்கு அது எதையும் உறுதி செய்யவில்லை. ஐந்து தோட்டங்களும் மாட்டிக்கொண்டது அந்த ஓட்டையில். அதை அடைக்கும் அதிகாரம் எந்த அன்பளிப்புப் பைக்கும் கிடையாது.

கிராமப்புறக் குரல் கேட்க வேண்டும் என்று சொல்லியே தொகுதி எல்லைகள் வரையப்படுகின்றன. 1957 அரசியலமைப்பு, தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்றது. 1962 திருத்தம் அதைத் தளர்த்தியது, 1973 திருத்தம் வரம்பையே எடுத்துவிட்டது. 2022-இல் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அதே சிலாங்கூரின் வடகோடியில் சபாக் பெர்ணமில் ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. அதாவது சபாக் பெர்ணமின் ஒரு வாக்கு, பாங்கியின் ஏறக்குறைய ஆறு வாக்குகளுக்குச் சமம். கிராமத்துக்கு இத்தனை கனம் கொடுத்தும் கிராமத்துக்குள்ளே இருக்கும் தோட்டத்தின் பேச்சு மேலே ஏறவில்லை என்றால், கிராமம் என்ற பெயரில் யார் பேசுகிறார்கள் என்று நகரத்து வாக்காளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் நடந்துவிட்டது. இன்று தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும். தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்கு நகர்ந்துவிட்டன. புதிய தொழிலாளிக்கு ஓட்டு கிடையாது, ஒய்பியும் கிடையாது. அவர்கள் நிலையைப் பற்றிய பேச்சு கடைசியில் வாஷிங்டனில்தான் நடந்தது. கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் 2020-இல் மலேசியாவின் இரு பெரும் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்திய பிறகு இங்கே வீடும் கடப்பிதழும் விவாதத்துக்கு வந்தன. இவை 1941-இல் தங்கள் பாட்டன்மார் கேட்ட அதே உரிமைகள் என்பதால், இந்தத் தொழிலாளர்களுக்காகவும் பேசச் சொல்லும் தார்மீகம் வேறு யாரையும் விடத் தோட்டத்துத் தமிழருக்கு அதிகம்.

செய்யக்கூடியவை எளியவை. நாடாளுமன்ற உறுப்பினர் வாய்மொழிக் கேள்வியும் எழுத்துவழிக் கேள்வியும் கொடுக்கலாம், அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும். பதில் பதிவேட்டில் ஏறிவிட்டால் நில அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் மேசைமேல் வைக்கலாம். மக்களவையின் அதிகாரபூர்வப் பதிவுகள் இணையத்தில் மலாயில் கிடைக்கின்றன. படித்த இளைஞர் ஒருவர் ‘லாடாங்’ என்ற சொல்லைத் தேடினாலே தன் உறுப்பினர் தோட்டத்தைப் பற்றி எத்தனை முறை வாய் திறந்தார் என்பது தெரிந்துவிடும். 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர் தானாகவே வாக்காளர். தோட்டத்துப் பிள்ளையைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்ற பழைய குறை இனி இல்லை. கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் தொழிலாளர் குழு எல்லாம் கூடி ஒவ்வொரு கூட்டத்தொடருக்கு முன்பும் ஒரு கேள்வியை எழுத்தில் அனுப்பலாம். காசோலைப் படம் போடும் அரைப்பக்கத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் வட்டாரத்துக்கான கேள்வியையும் பதிலையும் தமிழில் போடலாம். நாடாளுமன்றச் சிறப்புத் தேர்வுக் குழு ஒன்று பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து, கூடாரம் போட்டு, முன்னாள் தொழிலாளர்களிடம் நேராகச் சாட்சியம் கேட்கட்டும்.

தொடங்குவதற்கு மூன்று கேள்விகள் கையில் இருக்கின்றன. கோலா சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களில் சொந்த வீடில்லாத முன்னாள் தோட்டக் குடும்பங்கள் எத்தனை? தோட்ட நிலம் வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாறும்போது அங்கே குடியிருந்தவர்களுக்கு மனை ஒதுக்குவதைச் சட்டக் கட்டாயமாக்க 446-ஆவது சட்டம் எப்போது திருத்தப்படும்? சிவப்பு அடையாள அட்டையோடு காத்திருக்கும் முதியவர்களின் குடியுரிமை விண்ணப்பங்கள் மாவட்டவாரியாக எந்த நிலையில் உள்ளன?

அடுத்த பொதுத்தேர்தல் எப்படியும் 2028 பிப்ரவரிக்குள் நடந்தாக வேண்டும். வாக்குக் கேட்டு வருகிற புது வேட்பாளரிடம் இந்த மூன்றையும் எழுத்தில் நீட்டிப் பதிலையும் எழுத்தில் வாங்கலாம். பதவியில் இருந்தவர் திரும்பவும் வந்தால், இவற்றில் எதை எந்தத் தேதியில் மக்களவையில் எழுப்பினார், அமைச்சு என்ன பதில் சொன்னது என்று கேட்டு, அதன் நகலைத் தரச் சொல்லலாம்.